காதைப் பார்க்கிற ஊர்

எங்கள் திண்டிவனத்தில் அந்தக் காலத்தில் புதிதாக ஓர் ஆளைப் பார்த்தால் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், காதைத்தான் பார்ப்பார்கள். பெருநோய், அதாவது குஷ்டம், எத்தனை பேருக்கு என்று கணக்கெடுக்க வந்த ஆட்கள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன வித்தை அது. காது மடல் தடித்திருக்கிறதா, முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று தெருத்தெருவாகச் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஊர் அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. பயப்பட ஒன்றுமில்லை என்பதை யாரும் கேட்டதாகவே தெரியவில்லை.

என் வீட்டுக்காரருக்குக் காதில் முடிச்சு விழுந்தது. அவருக்குப் பெருநோய் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்களில் சிலர் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போவார்கள். அப்படிப் போனவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

எங்களுக்கு மெட்ராஸ் ரோட்டின் மேலேயே ஓட்டல் இருந்தது. ஓட்டல் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கீற்றுக் கொட்டகை, நாலைந்து பெஞ்சு, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான். மெட்ராசுக்குப் போகிற வருகிற பஸ்கள் எங்கள் எதிரில் நின்று போகும். கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் ஜனங்கள் இறங்கி ஓடிவந்து, காபி குடித்து, திரும்ப ஓடி ஏற வேண்டும். அந்த அவசரத்துக்கு ஈடுகொடுத்துக் காபி ஆற்றுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குடிக்கிற சூட்டில், நுரையோடு, கையில் ஒரு சொட்டு சிந்தாமல் கொடுப்பார். "ஜல்தி ஜல்தி, பஸ்ஸு பூடும், சூடு பார்த்துக் குடிங்க" என்று ஓயாமல் பேசிக்கொண்டே கொடுப்பார். உள்ளே இட்லியும் மல்லாட்டைச் சட்னியும் என் பொறுப்பு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, என் அண்ணன் வீட்டிலிருந்து வரும். பிரம்மதேசம் பக்கத்தில் அண்ணனுக்கு நிலம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த ஓட்டல்தான் எங்களுக்கு எல்லாம்.

நோய் காதில் ஆரம்பிக்கவில்லை, கால் பெருவிரலில் ஆரம்பித்தது. ஒரு மார்கழி விடியலில் எழுந்து கால் ஊன்ற முடியாமல் உட்கார்ந்துவிட்டார். விரல் சிவந்து வீங்கிப் பளபளவென்று இருந்தது. வேட்டி நுனி பட்டால்கூட அலறினார். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு ஒருவர் நீவப் போக, அவரை என் வீட்டுக்காரர் மறுகாலால் உதைத்தே விட்டார். ஒரு வாரத்தில் வந்த சுவடு தெரியாமல் போயிற்று. பிறகு வருஷத்துக்கு ஓரிரு தடவை வந்தது. அப்புறம் முட்டி, அப்புறம் மணிக்கட்டு. வரவர முழங்கையிலும் விரல் கணுக்களிலும் கட்டி கட்டியாக ஏதோ சேர்ந்தது. கடைசியில் வலது காது மடல் விளிம்பில் அரிசி போல ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. தோலுக்கு அடியில் வெள்ளையாகத் தெரியும். அமுக்கினால் கல்லு போல இருக்கும்.

காலில் இருந்தவரை ஊருக்கு அக்கறை இல்லை. காதுக்கு வந்ததும் எல்லோருக்கும் கண் தெரிந்துவிட்டது. வாடிக்கையாகக் காலையில் வருகிற சுகாதார இன்ஸ்பெக்டர், எங்கள் காபியைக் குடித்தே உடம்பு வளர்த்த மனுஷன், ஒருநாள் வாசலோடு நின்றார்.

"இன்னா சார், அங்கயே நின்னுட்டீங்க? உள்ள வாங்க" என்றார் இவர்.

"காபி வேணாம்பா. காதுல இன்னா அது?"

"இன்னாவோ கட்டி சார். வலிகூடக் கெடையாது."

"வலி இல்லன்னாத்தாம்பா யோசனையா கீது" என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். "லைசென்சு புதுப்பிக்கிற நேரம் வருது. டாக்டர்கிட்டக் காட்டி, அந்த வியாதி இல்லன்னு எழுதி வாங்கிக்கினு வாங்க. இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. சாப்பாட்டுக் கடையாச்சே."

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் சட்னிக் கரண்டியை அடுப்பில் எறிந்தேன். அவர்மேல் தப்பு இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

திண்டிவனத்தில் காட்டியவர்கள் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. காதைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். அப்போதுதான் விழுப்புரத்துக்குப் போகச் சொல்லி யாரோ சொன்னார்கள். அங்கே ஒரு தரும ஆஸ்பத்திரி இருந்தது. இன்றைக்கு அது இருந்த இடமே தெரியாது. மெட்ராசிலிருந்து மூட்டு நோய்க்காரர்களைப் பார்க்க ஒரு டாக்டர் சனிக்கிழமைகளில் அங்கே வந்துகொண்டிருந்தார். வைத்தியத்துக்காக மட்டும் இல்லை, ஆராய்ச்சிக்காக. வீங்கின முட்டியில் ஊசி போட்டு உள்ளே இருக்கிற நீரை எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குழாயில் அடைத்து எடுத்துப் போவார். வராண்டாவில் முட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஊசிக்குப் பயந்து பாதி வரிசை எழுந்து ஓடும்.

என் வீட்டுக்காரர் காதைப் பார்த்ததும் அந்த டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். வெறும் கையால், நான் திரும்பச் சொல்கிறேன், வெறும் கையால் அந்த மடலைப் பிடித்து விரலால் நெருடிப் பார்த்தார். பல மாதமாக யாரும் தொடாத காது அது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"முதல்ல கால் பெருவிரல்ல வந்துதா?" என்றார்.

"ஆமா சார்! உங்களுக்கு எப்பிடி சார் தெரியும்?"

"இது பெருநோய் இல்லைப்பா. நிச்சயமா இல்லை. ரத்தத்துல கரைஞ்சு இருக்க வேண்டிய ஒரு உப்பு உங்க உடம்புல அளவுக்கு மீறிப் போயிடுச்சு. மூட்டுல, காதுல எல்லாம் போய் உறைஞ்சு உக்காந்துக்கிச்சு. மரக்காணம் உப்பளம் பார்த்திருக்கீங்களா? தண்ணி வத்தினா உப்பு பூக்குதில்ல? அதேதான்."

உப்பு. வெறும் உப்பு. என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியாமே? என் காதுல உப்பளம் வெச்சிருக்கேனாம்" என்றார். அந்தச் சிரிப்பை நான் அவரிடம் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

எழுதித் தாருங்கள், லைசென்சுக்கு வேண்டும் என்று நான் உடனே கேட்டேன். டாக்டர் யோசித்தார். வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆதாரத்தோடு தருகிறேன் என்றார். காதிலிருந்து ஒரு கட்டியை எடுத்துப் போய் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அது சாதா மைக்ரோஸ்கோப் இல்லையாம். ஒரு தினுசாக வெளிச்சத்தை வடிகட்டிப் பார்ப்பதாம். மூட்டு உப்பை அப்படிப் பார்க்கலாம் என்று வெளிநாட்டில் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்களாம். மெட்ராசில் அந்த மாதிரி ஒன்று எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை; ஒரு காலேஜில் கல்லும் பாறையும் படிக்கிறவர்களிடம்தான் இருக்கிறது, அவர்களிடம் கெஞ்சிப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த வெளிச்சத்தில் இந்த உப்பு ஊசி ஊசியாக மின்னும் என்று சொன்னபோது அவர் முகமே மின்னியது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவருக்கு வேண்டியது எங்களுக்கும் வேண்டியது என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டியை அன்றைக்கே அறுத்து எடுத்தார். ஒரு பீங்கான் தட்டில் துணியில் வைத்துக் கொடுத்து, பக்கத்தில் நின்ற நர்சம்மாவிடம், "ஸ்பிரிட்ல போடுங்க. ஸ்பிரிட், வேற எதுவும் கூடாது" என்றார். அவள் தலையாட்டினாள். டாக்டர் அடுத்த முட்டிக்குப் போய்விட்டார். நான் வீட்டுக்காரர் காதில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நர்சம்மா ஒரு மர பீரோவின் கதவை இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது. ஆயாவிடம் ஏதோ கேட்டாள், ஆயா கையை விரித்தாள். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய ஜாடியை எடுத்துச் சின்ன பாட்டிலில் ஊற்றி, கட்டியை அதில் போட்டுக் கார்க்கை அழுத்திப் பிளாஸ்திரி ஒட்டினாள். ஊற்றும்போது கண்ணைக் கரிக்கிற ஒரு நெடி வந்தது. ஸ்பிரிட் நெடி எப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்? மதுவிலக்கு அமலில் இருந்த ராஜ்யத்தில் குடித்தனம் செய்த குடும்பப் பெண். டாக்டர் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் போனோம். வலிக்கு ஒரு சின்ன மாத்திரை கொடுத்திருந்தார். அது வயிற்றைப் போட்டுக் கலக்கினாலும் வலியை நிறுத்தியது. எங்களுக்கு அதுவே போதுமான சாட்சி. டாக்டருக்குப் போதவில்லை. ஒரு சனிக்கிழமை எங்களை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"நல்லாத் தேடிப் பார்த்தேன். உப்பு எதுவும் தெரியலை."

"தெரியலன்னா?" என்றேன்.

"இல்லைன்னு அர்த்தம்மா."

"நிச்சயமா இது அந்த வியாதி இல்லன்னு சொன்னீங்களே சார்? மாத்திரையில வலி நின்னுச்சே?"

"எனக்கு இப்பவும் அப்படித்தான் தோணுது. ஆனா தோணுறதை எழுதித் தர முடியாது. கண்ணால பார்த்ததைத்தான் எழுத முடியும். ரத்தம் எடுத்துப் பார்த்ததும் தெளிவாச் சொல்லலை, அவர்தான் இங்க வர்றதுக்கு முன்னாடியே கண்ட வலி மாத்திரையா முழுங்கி வெச்சிருக்காரே, அதுல அளவு மாறிடும்." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "என் ஆராய்ச்சிக்கு இந்தக் கேஸ் இனிமே உதவாதும்மா. நீங்க பெருநோய் டாக்டர்கிட்டயே ஒரு தடவை காட்டிடுங்க" என்றார்.

உதவாதாம். புழு விழுந்த கத்தரிக்காயை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கிவிட்டார். நேர்மையான மனுஷன்தான், பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதவில்லை. அந்த நேர்மையைத் தூக்கிக் குப்பையில் போட. எங்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைக் கூப்பிட்டார் டாக்டர், நாங்கள் எழுந்துகொண்டோம்.

லைசென்சு கிடைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் இந்தத் தடவை வாசலுக்குக்கூட வரவில்லை, பியூனை அனுப்பினார். வடக்கே ரயிலில் போகிற தூரத்தில் ஒரு பெருநோய் இல்லம் இருக்கிறது, அங்கே போய்த் தங்கி, இல்லை என்றோ குணமாகிவிட்டது என்றோ எழுதி வாங்கி வந்தால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். ஒரு வாரத்தில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடப் போகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் நம்பினார். மாற்று வேட்டி ஒன்றும் காபி வடிகட்டுகிற துணி ஒன்றும் எடுத்துப் போனார். வடிதுணி எதற்கு என்றேன். "போற எடத்துல எவன் காபியையோ குடிச்சிக்கினு கெடக்கச் சொல்றியா?" என்றார்.

ஒரு வாரம் பல மாதமாயிற்று. தோலைக் கீறிச் சோதித்தால் கிருமி இல்லை என்று வரும். சில பேருக்கு அப்படித்தான் தெரியாமல் இருக்கும், பார்க்கலாம் என்பார்கள். பார்க்கலாம் என்று சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். கொடுமைப்படுத்தினார்கள் என்று சொல்ல மாட்டேன், பரிவாகத்தான் நடத்தினார்கள். ஓட்டலைப் பூட்டிவிட்டு நான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி எனக்கென்று தனித் தட்டு, தனிச் சொம்பு எடுத்து வைத்தாள். நான் கேப்பைக் கூழ் ஊற்றிக் குடித்த பாத்திரத்தை நானே கழுவிக் கவிழ்த்தால், அதை எடுத்து மறுபடி சாம்பல் போட்டுக் கழுவினாள். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, அவர் போய்ச் சேர்ந்தும் வருஷங்கள் ஆகின்றன.

மாதம் ஒரு தடவை இல்லத்துக்குப் போய்ப் பார்ப்பேன். அங்கே சமையல்கட்டில் காபி அவர் கைக்குப் போயிருந்தது. விரல் இல்லாத கைகளில் சூடு பார்த்துக் கொடுப்பார். அவர்களுக்குச் சூடு தெரியாது, கொப்பளித்துவிடும், அதனால் ஆற்றி ஆறவைத்துக் கொடுக்க வேண்டும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். "இங்கதாம்மே என் காபிய மூஞ்சி சுளிக்காம குடிக்கிறாங்க" என்று சொன்னார். நான் ரயிலேறி வந்தேன். அழுகை வந்தது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கேள்வி கேட்பாளே என்று அடக்கிக்கொண்டேன்.

ஒருநாள் அங்கே அவர் முழங்கைக் கட்டி தானாகவே உடைந்தது. உள்ளிருந்து சீழ் வரவில்லை, வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக வந்தது. அந்த இல்லத்து டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, எதிலும் போடாமல் அப்படியே ஒரு காகிதத்தில் மடித்து மெட்ராஸ் டாக்டருக்கு அனுப்பினார். விழுப்புரத்தில் பார்த்த மெட்ராஸ் டாக்டர் மூட்டு உப்பு என்று சொன்னாரே என்று என் வீட்டுக்காரர்தான் டாக்டரம்மாவிடம் ஓயாமல் புலம்பி வைத்திருந்தார்.

மெட்ராஸ் டாக்டர் பறந்தடித்துக்கொண்டு வந்தார். இல்லத்துக்குப் போய் என் வீட்டுக்காரரின் காதையும் கையையும் காமிராவில் பிடித்தார். என்னை விழுப்புரத்துக்கு வரச் சொல்லி அனுப்பினார். "ஊசி ஊசியா, என்னம்மா மின்னுது! இவ்வளவு அழகா நான் பார்த்ததே இல்லை" என்றார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்து, முதல் கட்டியில் ஏன் இல்லை என்று நர்சம்மாவைக் கூப்பிட்டு என் எதிரில் கேட்டார்.

"பார்மலின்லதான் சார் போட்டேன்" என்றாள் அவள்.

"பார்மலினா? அதுல பாதிக்கு மேல தண்ணிதானே! இந்த உப்பு அதுல கரைஞ்சு போயிடுமே! ஸ்பிரிட்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"ஸ்பிரிட் பீரோ சாவி பெரிய டாக்டர்கிட்ட சார். அன்னிக்கு அவர் ஊர்லயே இல்ல. அவர் கையெழுத்து இல்லாம ஒரு சொட்டு கொறஞ்சாலும் மதுவிலக்குப் போலீசு வந்து என்னை இட்டுக்கினு பூடுவான். ஸ்பிரிட் கொறையுதுன்னுதான் கம்பவுண்டருக்கு வேலை பூட்ச்சி, மறந்துட்டீங்களா? எல்லாச் சதையையும் பார்மலின்லதான் போடுறோம், இதையும் போட்டேன். இதுக்கு இன்னா சார் இவ்ளோ பேஜாரு பண்றீங்க? சதை கெட்டா பூட்ச்சி?"

அவள் சொன்னதும் பொய் இல்லை. புதுச்சேரியில் குடிக்கலாம், எங்கள் பக்கம் குடிக்கக் கூடாது. நடுவில் எங்கள் ரோடு. டயருக்குள்ளும் பூசணிக்காய்க்குள்ளும் பாட்டில் கடத்துகிறவனைப் பிடிக்க முடியாத போலீசு, ஆஸ்பத்திரி பீரோவில் இருக்கிற ஸ்பிரிட்டை அளந்துகொண்டிருந்தது. ஊரில் எத்தனையோ குடும்பத்தைச் சாராயம் கெடுத்தது. என் குடும்பத்தை ஒரு சங்களவு சாராயம் கிடைக்காதது கெடுத்தது. நான் அங்கேயே கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, முட்டி வரிசை மொத்தமும் எழுந்து நின்று பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு, இப்போதே எழுதித் தருகிறேன் என்று பேனாவைத் திறந்தார்.

இவருக்குப் பெருநோய் இல்லை, எப்போதும் இருந்ததில்லை, மூட்டில் உப்புப் படியும் நோய், யாருக்கும் ஒட்டாது என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைக் காட்டி அவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். லைசென்சும் வந்தது. கொட்டகைக்குப் புதுக் கீற்று போட்டு ஓட்டலைத் திறந்தோம். ஊர்க்காரர்கள் வரவில்லை. "கொணமாயிடுச்சாமே, நல்லது" என்று தூரத்தில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். வராத வியாதி எப்படியடா குணமாகும் என்று நான் பதிலுக்குக் கேட்பேன். அவர்கள் நல்லபடியாகச் சொன்னதற்குக் கோபித்துக்கொள்கிறாளே என்று போய்விடுவார்கள். போகட்டும். எங்களுக்கு பஸ் ஜனங்கள் இருந்தார்கள். அவர்களுக்கு எங்களைத் தெரியாது, இவர் காதைப் பார்க்க நேரமும் கிடையாது. வந்தார்கள், குடித்தார்கள், ஓடினார்கள். பிழைத்துக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் அவர் அந்தப் பலகையை மாட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் கண்ணாடி போட்டுப் பிள்ளையார் படத்துக்குக் கீழே லைசென்சோடு மாட்டியதோடு நிற்கவில்லை. இங்கிலீஷ் எவனுக்குப் புரியும் என்று, "சாப்பாடு தயார்" எழுதுகிற பெயிண்டரிடம் ஒரு தகரத்தில் தமிழில் எழுதி வாங்கி வந்துவிட்டார். இந்த ஓட்டல் உரிமையாளருக்குப் பெருநோய் இல்லை என டாக்டர் சான்று அளித்துள்ளார். பெயிண்டர் "பெருநோய்" என்பதைச் சிவப்பில் கொட்டை எழுத்தாக எழுதியிருந்தான். "இல்லை"க்கு இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தான்.

"யோவ், உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் பூட்ச்சா?" என்றேன். கோபம் வந்தால் எனக்கு நீங்களும் கிடையாது வாங்களும் கிடையாது. "பஸ்ஸுல வர்றவனுக்கு இன்னா தெரியும்? நீயே தம்பட்டம் அடிச்சிச் சொல்றியே!"

"பொய்யாமே எழுதிக்கீது? இல்லன்னுதானே எழுதிக்கீது?"

"நல்லா இருக்கிறவன் எவனாவது எனக்கு இல்லன்னு பலகை மாட்டுவானா?"

"நான் மாட்டுவேன். நான் ஒளிஞ்சிக்கினு காபி ஆத்த மாட்டேன்" என்றார்.

பஸ் வந்து நிற்கும். ஜனங்கள் இறங்கி ஓடி வருவார்கள். டம்ளரை வாயில் வைத்துக்கொண்டே ஒருத்தன் நிமிர்ந்து பலகையைப் படிப்பான். வாயிலிருந்து டம்ளர் இறங்கும். பிறகு இவர் காதைப் பார்ப்பான். பக்கத்தில் இருப்பவனை முழங்கையால் இடிப்பான். பெஞ்சு காலியாகும். ஒரு பொம்பளை குழந்தை வாயில் விரலை விட்டு, குடித்த பாலை அங்கேயே கக்கவைத்தாள். கண்டக்டர்கள் பஸ்ஸைச் சற்றுத் தள்ளி அடுத்த கடை எதிரில் நிறுத்தப் பழகிக்கொண்டார்கள். நான் பலகையைக் கழற்றுவேன், அவர் திரும்ப மாட்டுவார். அவருக்கு இருக்கிறது என்று ஊரே சொன்ன ஒன்றை, இல்லை என்று ஒரு பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை மடித்துப் பெட்டியில் வைக்க அவரால் முடியவில்லை. அந்தக் கையெழுத்துதான் அவருக்கு வேட்டி மாதிரி. அதைக் கட்டிக்கொண்டுதான் அவரால் நாலு பேர் முன்னால் நிற்க முடிந்தது. இது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் சண்டை போட்டேன்.

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் எங்கள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அந்த மெட்ராஸ் டாக்டர் இறங்கினார். விழுப்புரத்திலிருந்து திரும்புகிற வழியாம். என் வீட்டுக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. தோளில் கிடந்த துண்டால் பெஞ்சைத் துடைத்தார், திரும்பத் துடைத்தார். "உக்காருங்க சார், உக்காருங்க. பார்த்தீங்களா, நீங்க எழுதுனத மாட்டி வெச்சிருக்கேன்" என்று பலகையைக் காட்டினார். டாக்டர் படித்தார். நல்லது என்றார். பெரிய கூட்டத்தில் இவருடைய காது படத்தைத் திரையில் காட்டினாராம், எல்லா டாக்டர்களும் கை தட்டினார்களாம். "உங்க காது இப்ப மெட்ராஸ் பூரா பிரபலம்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் பேசப் பேச, என் வீட்டுக்காரர் புதுப் பால் காய்ச்சி, புது டிகாக்‌ஷன் இறக்கி, காபி ஆற்றிக்கொண்டிருந்தார். விரல் கணுக்கள் வீங்கிய அந்தக் கைகளால் அத்தனை உயரத்திலிருந்து ஊற்றியும் ஒரு சொட்டு சிந்தவில்லை. நுரை ததும்பக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தார்.

டாக்டர் டம்ளரைப் பார்த்தார். தொடவில்லை.

"அந்த இல்லத்துல எத்தனை மாசம் இருந்தீங்க?" என்று கேட்டார்.

"அது ஆச்சுங்க, வருஷத்துக்குக் கிட்ட."

"அவங்களோடவே சாப்பாடு, படுக்கை எல்லாம்?"

"ஆமா சார். அங்கயும் நான்தானே காபி" என்றார் இவர் பெருமையாக.

டாக்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வெயில்ல வந்தது... காபி வேண்டாம்ப்பா. கோலி சோடா இருக்கா? இருந்தா ஒண்ணு கொடுங்க. நானே உடைச்சுக்கறேன்."

நானே உடைச்சுக்கறேன் என்றார். எனக்கு அந்த வார்த்தைகூட அப்படியே ஞாபகம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சோடாவை எடுத்து வந்து, அவர் கையில் தராமல், பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு விலகி நின்றார். இல்லத்திலிருந்து வந்த பிறகு யாருக்கும் அவர் அப்படி விலகி நின்றதில்லை. டாக்டர் கோலியை அழுத்தி உடைத்து, பாட்டிலை உதட்டில் படாமல் தூக்கி ஊற்றிக் குடித்தார். அடுத்த தடவை வரும்போது முட்டி நீர் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் போனபிறகும் காபி அங்கேயே இருந்தது. மேலே ஆடை படிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பெஞ்சின்மேல் ஏறினார். வீங்கிய முட்டியோடு ஏறுவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நான் போய்ப் பிடிக்கவில்லை. தகரத்தைக் கழற்றினார். கண்ணாடி போட்டதையும் கழற்றினார். பிள்ளையாரையும் லைசென்சையும் விட்டுவிட்டார்.

"கையெழுத்துப் போட்டவனே நம்பலமே" என்றார்.

நான் ஆறிப்போன அந்தக் காபியை எடுத்துக் குடித்தேன். பலகையை அவர் அடுப்படிக்குக் கொண்டுபோய், எழுத்து அடியில் இருக்கும்படி கவிழ்த்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டார். ஓட்டலை விற்கிறவரை அது அங்கேதான் கிடந்தது.